மணிபல்லவமும் சமோசிர்த் தீவும்

தீவுக்குச் சென்று மீண்டவர் எழுதும் பயணக் கட்டுரைகளைத் தொகுத்துப் படித்தால் ஒன்று புலனாகும். தீவு எதுவாயினும் புகழுரை ஒன்றே. ஆரவாரம் இல்லை, மனிதன் கை படவில்லை, அமைதி குடிகொண்டிருக்கிறது. இம்மூன்று தொடர்களுக்குள் எல்லாத் தீவுகளும் அடங்கிவிடுகின்றன. எரிமலைத் தீவாயின் 'இயற்கையின் சீற்றம் அடங்கிய இடத்தில் இன்ப அமைதி' என்று நான்காவது தொடர் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். இப்புகழுரை எவ்வளவு பொருந்தும்? தனித் தீவின் கவர்ச்சி உண்மையில் எதில் இருக்கிறது? இவ்வினாக்களை உரைத்துப் பார்க்கத் தமிழில் நல்ல உரைகல் ஒன்று உண்டு. அது மணிமேகலைக் காப்பியம்.

மலாக்கா, புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் வாழும் தமிழர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நீரிணைக்கு அக்கரையில் சுமத்திரா இருக்கிறது. அதன் வடபகுதி மலைகளுக்கிடையே தோபா ஏரி கிடக்கிறது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த பேரெரிமலை ஒன்று உள்வாங்கிய பள்ளத்தில் நீர் நிறைந்து அவ்வேரி உண்டாயிற்று. அதன் நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். அமிழ்ந்த நிலம் பின்னர் மெல்ல மெல்ல உயர்ந்ததால் ஏரி நடுவே தோன்றியதே சமோசிர்த் தீவு. அன்று எழுந்த சாம்பல் நம் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிலும், கடல் கடந்து ஆந்திரத்து ஜுவாலாபுரத்திலும் படிந்து கிடக்கிறது. நம் நாட்டிலிருந்து தோபாவுக்குச் சுற்றுலா செல்வோர் பலர். பாராப்பாட்டில் படகேறித் தோமோக்கில் இறங்கியவுடன் அவர்கள் முதலில் சொல்வது, 'என்ன அமைதி!' என்பதே.

சாத்தனார் காட்டும் மணிபல்லவம் எரிமலைத் தீவு அன்று. ஈழத்து நயினாதீவே அது என்பார் பலர், மறுப்பாரும் உளர். இடம் எதுவாயினும் ஆகுக. தனித் தீவுக்குச் செல்லும் மனிதன் என்ன ஆகிறான் என்பதைச் சாத்தனார் ஒருவரை அல்ல, மூவரை அங்கே இறக்கிக் காட்டுகிறார். அதுவே நாம் கருதற்குரியது.

முதலில் வருபவள் மணிமேகலை. உறக்கத்திலேயே தெய்வத்தால் கொண்டுவரப்பட்டவள். வெண்மணலும் பூம்பொழிலும் நீர்நிலையும் அங்கே உள்ளன, ஆள் இல்லை. இன்றைய கட்டுரையாளர் மகிழ்ந்து கூத்தாடும் இடம் அது. ஆனால் அவள் தோழி சுதமதியைக் கூவி அழைக்கிறாள். இறந்த தந்தையை நினைந்து அழுகிறாள். அக்காதைக்கு 'மணிபல்லவத்துத் துயருற்ற காதை' என்பதே பெயர். தனிமையின் முதல் சுவை துயரம் என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை. அத்துயரைக் கடந்த பின்பே அவள் பீடிகையைக் காண்கிறாள். தன் பழம்பிறப்பை உணர்கிறாள். கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெறுகிறாள். பெற்றவுடன் என்ன செய்தாள்? தீவிலே தங்கினாளா? இல்லை. பசித்தோர் உள்ள புகாருக்குத் திரும்பினாள்.

இரண்டாமவன் ஆபுத்திரன், காலத்தால் அவளுக்கு முற்பட்டவன். நாடு செழித்துப் பசித்தோர் அற்றுப்போனதால் கையில் அமுதசுரபி இருந்தும் பயனின்றித் திரிந்தவன். சாவகத்தில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் எனக் கேட்டுக் கப்பலேறினான். காற்று மிகவே கப்பல் மணிபல்லவத்தில் நின்றது. அவன் இறங்கினான். ஏறிவிட்டான் என எண்ணிக் கப்பல் போய்விட்டது. உலகையே ஊட்டும் பாத்திரம் கையில் இருக்க, ஊட்டுவதற்கு ஓர் உயிர் இல்லை. தான் ஒருவன் உண்டு வாழ அவனுக்கு மனம் இல்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். மனிதர் இல்லாத இடத்தில் அறத்திற்கும் வேலை இல்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல இயலுமோ? திரும்பும் கப்பல் உள்ளவனுக்குத்தான் தீவு அமைதி. இல்லாதவனுக்கு அது சிறை.

மூன்றாமவன் புண்ணியராசன். ஆபுத்திரனே மறுபிறப்பில் சாவகத்து அரசனானவன். சாவகம் என்பது எரிமலைகள் நிறைந்த இன்றைய ஜாவா என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அவனுக்குத் தன் பழம்பிறப்பு நிகழ்ந்த தீவைக் காணும் வேட்கை எழுந்தது. அமைச்சன் தடுத்தான், அவன் பிறக்குமுன் பன்னீராண்டு மழையின்றி நாடு வாடியதை நினைவூட்டினான். அரசன் ஒரு திங்கள் நாட்டைக் காக்குமாறு சொல்லிப் புறப்பட்டான். மணிபல்லவத்து மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்புகளைத் தானே கண்டான், கண்டு மயங்கினான். அப்போது மணிமேகலை அவனுக்குச் சொல்வது என்ன? நாட்டுக்குத் திரும்பு, உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் கொடுப்பதே அறம் என்பது. காப்பியத்தின் உயிர்நாடியான அறக்கருத்து ஆளில்லாத தீவில் பேசப்படுகிறது. ஆட்கள் வாழும் தீவுக்கு அரசனைத் திருப்பி அனுப்புகிறது.

ஆகவே சாத்தனார் தீவுப் பயணத்தை வெறுப்பவர் அல்லர். ஒரு திங்கள் விடுப்பை அவர் அரசனுக்கே அளிக்கிறார். போனவர் எதைக் கண்டார், எதைக் கொண்டு திரும்பினார் என்பதே அவர் கேட்கும் கேள்வி.

எனினும் சாத்தனாரிடத்தும் ஒரு குறை உண்டு. மணிபல்லவத்தில் காவல் தெய்வம் உண்டு, குடிகள் இல்லை. சாதுவன் கதையில் வரும் நாகர் மலையில் குடிகள் உளர். ஆனால் அவர்கள் வந்தவன் வாயால் திருந்த வேண்டியவர்களாகவே வருகின்றனர். தீவைத் தம் வீடாகக் கொண்டவரின் கண்ணால் தீவைக் காணும் வழி காப்பியத்தில் இல்லை. இன்றைய பயணக் கட்டுரையும் இக்குறையை அப்படியே பெற்றிருக்கிறது. காப்பியத்தின் கேள்வியை அது விட்டுவிட்டது. குறையை மட்டும் கைக்கொண்டது.

சமோசிர் 'கை படாத' தீவு அன்று. பாத்தாக் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது நட்ட நிலம் அது. நெடுங்காலத்துக்கு முன் புதைத்த முன்னோர் எலும்புகளை அவர்கள் தோண்டி எடுத்துக் கழுவி, விழாவெடுத்து, உயர்ந்த நினைவுக் கட்டடங்களில் மீண்டும் வைப்பர். மங்கோங்கால் ஹோலி என்பது அச்சடங்கின் பெயர். வெளியூர்களில் வாழும் பிள்ளைகளும் அதற்கெனத் திரும்பி வருவர். புண்ணியராசன் மணலில் கண்டு மயங்கியதை, இம்மக்கள் மயங்காமல் ஆண்டாண்டாகச் செய்து வருகின்றனர். மணிமேகலை படித்த தமிழாசிரியர் ஒருவர் அந்நினைவுக் கட்டடத்தின்முன் நின்றால் அவருக்குத் தோன்றக்கூடியவை எத்தனை! நம் கட்டுரைகளிலோ அது 'விந்தையான கல்லறை' என்னும் ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது.

ஏரியின் அமைதிக்கும் மறுபுறம் உண்டு. 2018 ஜூன் 18 அன்று சமோசிரிலிருந்து புறப்பட்ட சினார் பாங்குன் என்னும் படகு, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி, தோபா ஏரியில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீளவே இல்லை. பயணிக்குப் படகு ஒரு மணி நேர இன்பம். தீவினர்க்கு அதுவே சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் வழி. நல்ல படகு வேண்டும் என அவர்கள் கேட்டால், 'தீவின் பழமை கெடும்' எனப் பார்க்க வந்தவர் வருந்துவது முறையாகுமா? கெடாத தீவு என்பது ஆளில்லாத தீவு அன்று. அங்குள்ளோர் கெடாமல் வாழும் தீவே அது.

ஓய்வு தேடி வந்தவனிடம் இவ்வளவும் கேட்பது மிகை என்பார் சிலர். ஓய்வு வேண்டியதே. அதைப் பெற்றவர் பேசாமல் இருப்பின் எவரும் கேளார். எழுதப் புகுந்தவர்க்கோ கடன் உண்டு. பள்ளிகளில் சுற்றுலாக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் மாணவரிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்துப் பார்க்கலாம்: அங்கே யார் வாழ்கின்றனர்? அவர்கள் எதை உண்டு, எப்படிப் போய் வருகின்றனர்? நீ எதைக் கொண்டு திரும்பினாய்? இவற்றுக்கு விடை எழுதும் மாணவன் 'அமைதி' என்னும் சொல்லையும் எழுதுவான். அப்போது அச்சொல்லுக்குப் பொருள் இருக்கும்.