முஷாயிராவின் இரண்டாம் அடி
குளிர் தணிந்த வசந்தத்தில் டெல்லியில் கூடும் 'ஜஷ்ன்-எ-பஹார்' போன்ற முஷாயிராக்களில், அதாவது உருதுக் கவிஞர்கள் அவைமுன் தம் கவிதைகளைத் தாமே சொல்லும் அரங்குகளில், கேட்போரும் பாதிக் கவிஞராகிவிடுகின்றனர். கஜலின் ஈரடிச் செய்யுளான ஷேரின் முதலடியைக் கவிஞர் திரும்பத் திரும்பச் சொல்லி நிறுத்துவதும், இரண்டாம் அடியின் இறுதியில் காஃபியா என்னும் இயைபுச் சொல்லும் அதையடுத்து மாறாது வரும் ரதீஃபும் எவ்வாறு பொருந்தும் என அவை ஊகிப்பதும், ஊகம் பலித்தால் உடன்சொல்வதும், பொய்த்தால் அதைவிட மிகுதியாக மகிழ்வதும் அச்சுப்பக்கம் தர இயலாத இன்பமாகும். 'முகர்ரர்' என்று குரலெழுந்தால் அடி மீண்டும் சொல்லப்படும். தரன்னும் எனப்படும் இசைநடையில் பாடுவோரும் உண்டு. குரலினிமை சொல்லின் மெலிவை மறைத்துவிடுவதால், இசையின்றிச் சொல்லும் முறையே (சிலர் மறுக்கக்கூடும்) கவிதைக்குக் கடுமையான சோதனை. மூத்த கவிஞர் இறுதியில் வாசிப்பதே மரபாதலால், இரவு நீண்டாலும் தேர்ந்த சுவைஞர் எழுந்து செல்வதில்லை.