விசுவாசியின் அதிகாரம்: விவிலியத் தமிழில் ஒரு சொற்பொருள் மதிப்பீடு

1. முன்னுரை

நம்பிக்கையின் வழியாக விசுவாசி ஆவிக்குரிய அதிகாரத்தைப் பெறுகிறான் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. தீய ஆவிகள்மீதும் நோயின்மீதும் விசுவாசிக்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது என்னும் போதனை தமிழகச் சபைகளில், சிறப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளில், அடிக்கடி கேட்கப்படுவது. இப்போதனையின் பொருத்தத்தை ஆராய்வது இறையியலாரின் பணி. எனினும் அது நிற்கும் ‘அதிகாரம்’ என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்த சொல். தேர்ந்தெடுத்த நாளில் அச்சொல்லுக்கு இருந்த பொருட்பரப்பும் இன்றைய பொருட்பரப்பும் ஒன்றல்ல. ஆகவே இதில் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்குண்டு.

ஹென்றி பவர் ஐயர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்கில் உள்ளது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. இவ்விரண்டும் மேற்கண்ட கருத்தை எவ்வாறு கையாண்டுள்ளன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. மூலமொழியில் இரு சொற்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இக்கருத்தைக் குறிக்கும் சொல் ‘எக்ஸூசியா’. இது ‘இசைவுண்டு’, ‘தடையில்லை’ என்னும் பொருளுடைய ‘எக்ஸெஸ்டின்’ என்னும் வினையோடு தொடர்புடையது. இதனின் வேறானது ‘துனாமிஸ்’. இது ‘இயலும்’ என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. முன்னது வழங்கப்பட்ட உரிமையைச் சுட்டுகிறது. பின்னது ஆற்றலைச் சுட்டுகிறது. மத்தேயு 8:9இல் நூற்றுவர் தலைவன் தன்னை அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்று முதலில் கூறிக்கொள்கிறான். அதன்பின்பே தன் ஏவலுக்குப் பணியும் வீரர்களைப் பற்றிப் பேசுகிறான். மேலிருந்து பெற்றதாலேயே அவனுக்குக் கட்டளையிட இயல்கிறது. எக்ஸூசியாவின் பொருளமைப்பை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

இவ்விரு சொற்களும் லூக்கா 10:19இல் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிற்கின்றன. சீடர் பெறுவது எக்ஸூசியா. பகைவனிடம் இருப்பது துனாமிஸ். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் இரண்டிற்கும் ஆற்றலைக் குறிக்கும் ஒரே சொல்லை வழங்கியது. அதனால் வாக்கியம் இரு ஆற்றல்களின் மோதலாகத் தோன்றியது. 1881ஆம் ஆண்டின் திருத்திய ஆங்கிலப் பதிப்பே இவ்வேறுபாட்டை மீட்டது. தமிழிலோ அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1871ஆம் ஆண்டுத் திருப்புதலில், முன்னதற்கு ‘அதிகாரம்’ என்றும் பின்னதற்கு ‘வல்லமை’ என்றும் வேறு சொற்கள் அமைந்துள்ளன. சீடர்க்கு இரண்டும் ஒருங்கே கொடுக்கப்படும் லூக்கா 9:1இலும் அவ்வேறுபாடு காக்கப்பட்டுள்ளது. தமிழ் விவிலியம் ஆங்கிலத்தின் நிழல் என்று கருதுவோர் கவனிக்கவேண்டிய சான்று இது.

3. ‘அதிகாரம்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு

தமிழில் ‘அதிகாரம்’ பல பொருள் உடைய சொல். திருக்குறளின் 133 பகுதிகளும் அதிகாரங்களே. தொல்காப்பியத்தின் மூன்று பெரும்பிரிவுகளும் அதிகாரங்களே. வடமொழி இலக்கண மரபில், தன்னைத் தொடர்ந்து வரும் விதிகள்மீது ஆட்சி செலுத்தும் விதி அதிகார விதி எனப்படுகிறது. மீமாஞ்சையில் ஒரு சடங்கைச் செய்தற்குரிய உரிமையும் தகுதியும் அதிகாரம். வேதாந்த மரபில் நூலைக் கற்கத் தகுதியுடையோன் அதிகாரி. சைவ சித்தாந்தத்தில் இலயம், போகம், அதிகாரம் என்பன இறைவனின் நிலைகளாகச் சொல்லப்படுகின்றன. சோழர் கல்வெட்டுகளில் அதிகாரிகள் அரசு அலுவலர்.

இப்பரப்பில் ‘தகுதியால் வரும் உரிமை’, ‘பதவியால் வரும் ஆணை’ என்னும் இரு பொருள்கள் நமது ஆய்வுக்கு இன்றியமையாதவை. இன்றைய வழக்கில் முன்னது அருகிவிட்டது; பின்னதே நிற்கிறது. ‘அதிகாரம் பண்ணாதே’ என்னும் பேச்சுவழக்கிலும் ‘அதிகாரப் பிச்சை’ என்னும் தொடரிலும் சொல் இழிபொருளையும் ஏற்றுள்ளது. பிறரை ஏவும் செருக்கு என்பதே இங்கு மேலோங்கும் பொருள்.

4. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல்

பவர் குழுவினர் எக்ஸூசியாவுக்கு ‘அதிகாரம்’ என்பதையே பெரிதும் ஆண்டனர். இயேசு கற்பித்த முறை (மத்தேயு 7:29), அவர் பெற்ற முழு ஆட்சி (மத்தேயு 28:18), சீடர் பெற்றது (லூக்கா 10:19), உண்ணவும் பருகவும் பவுலுக்குரிய உரிமை (1 கொரிந்தியர் 9:4), நம்பினோர் கடவுளின் பிள்ளைகளாவதற்குப் பெறுவது (யோவான் 1:12) ஆகிய அனைத்தும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழிலும் ஒரே சொல்லாக இருப்பதால், இவ்விடங்களைப் படிப்போர் தாமே தொடர்புபடுத்திக் காண இயலும்.

யோவான் 1:12இல் இத்தேர்வு தனிச்சிறப்புடையது. வேதம் ஓதும் அதிகாரமும் வேள்வி செய்யும் அதிகாரமும் பிறப்பால் வரையறுக்கப்பட்டவை என்பது மீமாஞ்சையாரும் வேதாந்திகளும் விரிவாக வாதித்த செய்தி. அடுத்த வசனமாகிய யோவான் 1:13 கடவுளின் பிள்ளையாதல் இரத்த உறவால் வருவதன்று என்கிறது. சாத்திர வழக்கை அறிந்த வாசகர்க்கு, பிறப்பால் மறுக்கப்பட்ட அதிகாரம் நம்பிக்கையால் அளிக்கப்படுகிறது என்னும் கூர்மையான பொருள் இங்குத் தோன்றியிருக்கக்கூடும். அப்பொருளை வேறெந்தச் சொல்லும் தந்திராது.

வினைத்தொடர்பும் நோக்கத்தக்கது. விசுவாசியும் சீடரும் குறிக்கப்படும் இடங்களில் ‘அதிகாரம்’ பெரும்பாலும் ‘கொடு’ என்னும் வினையோடு வருகிறது. பெறுவோர் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றனர். ‘அதிகாரம் செலுத்து’ என்னும் தொடரோ, மத்தேயு 20:25இல் புறவினத்து ஆட்சியாளரின் செயலாகக் கூறப்பட்டு, அடுத்த வசனத்தில் சீடர்க்கு விலக்கப்படுகிறது. 1 கொரிந்தியர் 9:12இல் பவுல் தமக்குள்ள அதிகாரத்தைச் செலுத்தவில்லை என்கிறார். அதிகாரம் பெறப்படுவது, சில வேளைகளில் பயன்படுத்தாமல் விடப்படுவது என்பதைத் திருப்புதலின் தொடரமைப்பே உணர்த்துகிறது. இன்றைய மேடைப் போதனையில் ‘செலுத்து’, ‘எடுத்துக்கொள்’ என்னும் வினைகள் முன்னிற்கும்போது, பெறுவோனாக நான்காம் வேற்றுமையில் நின்ற விசுவாசி எழுவாயாக மாறுகிறான். பொருளும் உடன் மாறுகிறது.

இத்திருப்புதலின் குறை காலத்தால் நேர்ந்தது. எபேசியர் 6:12இல் அதிகாரங்களுக்கு அருகில் ‘துரைத்தனங்கள்’ என்னும் சொல் நிற்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால வழக்கு அது. அத்தகைய சொற்சூழலில் ‘அதிகாரம்’ அலுவலகப் பொருளையே மிகுதியாக ஏற்பது இயல்பு. ‘சுதந்தரம்’ என்னும் சொல்லும் இத்தகைய மாற்றம் கண்டது. உரோமையர் 8:17இல் மரபுரிமை உடையோரைக் குறிக்க ஆளப்பட்ட அச்சொல்லை இன்றைய வாசகர் விடுதலை என்றே கொள்வர்.

5. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம்

திருவிவிலியம் இடத்திற்கேற்பச் சொல்லைப் பிரித்தாண்டது. லூக்கா 10:19இலும் மத்தேயு 28:18இலும் ‘அதிகாரம்’ நின்றது. யோவான் 1:12இலும் 1 கொரிந்தியர் 9:4இலும் ‘உரிமை’ வந்தது. இதனால் பிள்ளையாதல் என்பது ஏவும் பதவியன்று, உறவால் வரும் உரிமை என்பது ஐயமின்றிப் புலப்படுகிறது. மேலும், இம்மொழிபெயர்ப்பு மரபுரிமைக்கு ‘உரிமைப்பேறு’ என்னும் சொல்லை ஆள்வதால், பிள்ளையின் உரிமையும் உரிமைப்பேறும் தமிழில் ஒலியாலும் இணைகின்றன. மூலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வேர்ச்சொற்கள். கிரேக்கத்தில் இல்லாத இவ்விணைப்பு தமிழுக்குக் கிடைத்த பேறு எனலாம்.

லூக்கா 10:19இன் காலமும் கருதத்தக்கது. பவர் குழுவினர் பின்பற்றிய கிரேக்கப் பாடத்தில் ‘கொடு’ என்னும் வினை நிகழ்காலத்தில் உள்ளது. இக்காலத் திறனாய்வுப் பதிப்புகளில் முற்றுக்காலத்தில் உள்ளது. ஆகவே முன்னது ‘கொடுக்கிறேன்’ என்றும் பின்னது ‘கொடுத்திருக்கிறேன்’ என்றும் அமைந்தன. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் வந்ததன்று. மூலபாட வேறுபாட்டால் வந்தது.

ஆயினும் இப்பிரிப்பால் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. நம்பினோர் அனைவர்க்கும் பொதுவாகக் கூறப்பட்டது யோவான் 1:12. லூக்கா 10:19 அனுப்பப்பட்டுத் திரும்பிய சீடரை நோக்கிக் கூறப்பட்டது. விசுவாசியின் அதிகாரம் என்னும் கருத்தை முழுமையாக அறிய இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் கற்போர் இரண்டும் ஒரே மூலச்சொல் என்பதை அறிய வழியில்லை. அவர்கள் ‘அதிகாரம்’ என்று தேடும்போது ஆவிகளை அடக்கும் இடங்கள் கிடைக்கும். பிள்ளையாதலும், பிறர்பொருட்டு விட்டுக்கொடுத்தலும் கிடைக்கமாட்டா. சொல்லின் ஒரு பாதி முழுமையாகக் கொள்ளப்படும் இடர் இங்கு உண்டு. லூக்கா 10:20இல் ஆவிகள் அடங்குவதைக் குறித்து மகிழாமல், பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதைக் குறித்து மகிழுமாறு சீடர்க்குச் சொல்லப்படுகிறது. அடக்கும் அதிகாரத்தினின்று உறவின் உரிமைக்கு நூலே வாசகரைத் திருப்புகிறது. அத்திருப்பத்தோடு இயையும் சொல்லிணைப்பையே புதிய மொழிபெயர்ப்பு அறியாமல் அறுத்துவிட்டது.

6. முடிவுரை

1871ஆம் ஆண்டுத் திருப்புதல் சொல்லொருமையைக் காத்தது. பின்னர் நேர்ந்த பொருள்மாற்றத்தை அதனால் தடுக்க இயலவில்லை. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பொருளைக் காத்தது, சொல்லொருமையை இழந்தது. இன்றைய தமிழில் யோவான் 1:12க்கு ‘உரிமை’ என்பதே ஏற்றது. அதே வேளையில், இவ்விடங்களில் மூலச்சொல் ஒன்றே என்பதை அடிக்குறிப்பால் சுட்டுவது இனிவரும் பதிப்புகளின் கடமையாகும். ஒரு சிறு குறிப்பே போதும். அது இல்லாதவரை, கொடுக்கப்பட்ட ஒன்றைக் குறிக்கும் சொல், கையில் எடுத்து வீசும் கருவியின் பெயராகவே கேட்போர் காதில் விழும்.