மரம் நட்டு அழித்த புல்வெளி

பல்லுயிர் பற்றிய கட்டுரைகளில் வில்லன்கள் எப்போதும் ஒரே ஆட்கள்தான்: கோடரி, புல்டோசர், ஆலைக்கழிவு, பிளாஸ்டிக். கதாநாயகன் யார்? மரக்கன்று. இந்தக் கதையமைப்பு எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் நடந்த பெரிய அழிவு ஒன்றைச் செய்ததே மரக்கன்றுதான். அந்த அழிவுக்குப் பின்னால் இருக்கும் பார்வை இன்னும் உயிரோடு இருக்கு. ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையிலும் இருக்கு, நம்ம அரசுக் கணக்கிலும் இருக்கு.

முதலில் அந்தக் கட்டுரை. 2019 ஜூலையில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அப்போது சூரிச்சில் இயங்கிய பாஸ்தான், கிரவுதர் குழுவினர் எழுதியது. பூமியில் இன்னும் எவ்வளவு மரம் வளர இடமிருக்கிறது என்பது கேள்வி. பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எந்த மண்ணுக்கும் எந்தத் தட்பவெப்பத்துக்கும் எவ்வளவு மரம் இருக்கிறது என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதை வைத்து உலகம் முழுவதற்கும் கணித்தார்கள். இப்போது இருக்கும் காடு, வயல், நகரம் எல்லாவற்றையும் கழித்த பிறகு வந்த விடை: இன்னும் 90 கோடி ஹெக்டேர் மரக்கவிகை சாத்தியம். அவை முழுசா வளர்ந்தால் 20,500 கோடி டன் கார்பனைப் பிடித்து வைக்கும்.

பத்திரிகைகள் விடுமா? காலநிலைச் சிக்கலுக்கு மரம் நடுவதே தீர்வு என்று தலைப்புகள் பறந்தன. அடுத்த ஜனவரியில் தாவோஸில் ஒரு லட்சம் கோடி மரங்கள் என்ற திட்டத்தையே அறிவித்துவிட்டார்கள்.

என் விமர்சனம் கணினி மாதிரியின் நுணுக்கங்கள் பற்றியதல்ல. ஒரு சொல்லைப் பற்றியது. அந்தக் கட்டுரை 'மீட்டெடுப்பு' என்கிறது. இழந்ததைத்தானே மீட்க முடியும்? மரம் வளரக்கூடிய இடம் என்பது வேறு, மரம் இருந்து அழிந்துபோன இடம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிய இடத்தில், காலங்காலமாகப் புல்வெளியாகவே இருந்த நிலமெல்லாம் 'காலி இடம்' ஆகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வெல்ட்மன் என்ற சூழலியலாளர் முன்னின்று, நாற்பதுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அதே இதழில் மறுப்பு எழுதினார்கள். கார்பன் கணக்கு சுமார் ஐந்து மடங்கு மிகை, புல்வெளி மண்ணுக்குள் ஏற்கனவே இருக்கும் கார்பனைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். பிறகு மூலக் கட்டுரையில் திருத்தம் வந்தது. மிகச்சிறந்த தீர்வு என்றிருந்தது, சிறந்த தீர்வுகளில் ஒன்று என மாறியது. திருத்தத்துக்கு யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை, அது வழக்கம்தான்.

சரி, சூரிச்சில் எழுதியதற்கு இங்கே ஏன் புலம்பணும்? அந்தக் கணினி இன்று சொல்வதை நீலகிரியிலும் பழனி மலையிலும் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள் என்பதால்தான்.

இந்த உச்சிகளின் இயல்பான அமைப்பு விசித்திரமானது. மலை மடிப்புகளில், நீரோடை ஓடும் பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு. சரிவுகளிலும் முகடுகளிலும் வெறும் புல். இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல எல்லை. இதைப் பார்த்த பிரிட்டிஷாருக்குப் புல்வெளி வீணாகக் கிடக்கும் இடமாகத் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் (ஊட்டிப் பக்கம் கற்பூர மரம்) வாட்டிலும் (சீகை மரம்) வந்து இறங்கின. விறகுக்கு ஆரம்பித்த கதை அது. சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் கூடியது. தோல் பதனிட வாட்டில் பட்டை, விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ். வெள்ளைக்காரன் போனான், அவன் பார்வை போகவில்லை.

விளைவு என்ன? பழனி மலையைப் பற்றி 2018-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வு, நாற்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டது. மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எடுத்துக்கொண்டது தோட்ட மரங்களும் விவசாயமும். கொடைக்கானல் போகிறவர்கள் "ஆஹா, என்ன பசுமை!" என்று படம் எடுக்கும் மரக்கூட்டங்களில் பெரும்பகுதி இந்த இழப்பின் படம்தான்.

இதற்கு வழக்கமாக வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு: அங்கேயும் ஒரு காலத்தில் காடு இருந்திருக்கும், தோதவர்கள் எருமை மேய்க்கத் தீ வைத்து அழித்திருப்பார்கள். நல்ல கேள்விதான், விடையும் இருக்கு. நீலகிரியின் சதுப்புகளில் செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. மரமும் வெப்பமண்டலப் புல்லும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு வேறு என்பதால், அந்தப் படிவிலுள்ள கார்பனின் கனத்த, லேசான வகைகளின் விகிதத்தை அளந்தால் எந்தக் காலத்தில் எது மேலோங்கி இருந்தது என்று தெரியும். 1993-ல் 'நேச்சர்' இதழில் ஆர். சுகுமார் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது. காடும் புல்லும் பருவநிலையோடு கூடிக் குறைந்து வந்திருக்கின்றன. ஆக, தோதவர் மேல் பழி போட வழியில்லை.

புல்தானே, போனால் என்ன என்றால், வரையாட்டைக் கேட்கணும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. மேய்வது இந்தப் புல்லில்தான். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு கட்டுவது தரையில், புல்லுக்கு நடுவில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையையே நீலமாக்கும் குறிஞ்சி வளர்வதும் திறந்த வெளியில்தான். ஒரு திணைக்கே பெயர் தந்த செடி இது. தண்ணீர்க் கணக்கும் இருக்கு: கிளென்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை நீண்டகாலம் ஒப்பிட்டு அளந்தபோது, யூகலிப்டஸ் நட்ட பக்கம் ஓடைநீர் குறைந்தது தெரிந்தது.

இப்போது அரசுக் கணக்கு. இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தால் அது 'வனப்பரப்பு'. என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வியே இல்லை. வாட்டில் தோட்டம் வனம். பழத்தோட்டமும் வனம். வரையாடு நிற்கும் புல்வெளி? பூஜ்யம். இதோடு 1988 தேசிய வனக்கொள்கையைச் சேர்த்துப் பாருங்க. நாடு முழுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு, மலைகளில் மூன்றில் இரண்டு பங்கு மரப்போர்வை இருக்கணும் என்கிறது. 33 சதவீதம் என்ற இலக்கோடு 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் இந்த அளவுகோலில்தான் மதிப்பெண் வாங்கியாகணும். ஒரு வன அதிகாரி வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்டால் அவர் மாவட்டத்தின் வனப்பரப்பு குறைந்ததாகத்தான் அறிக்கை வரும்! அதே தமிழ்நாடு வரையாட்டுக்கென்று தனித் திட்டமும் அறிவித்திருக்கிறது. அதில் புல்வெளி மீட்பும் ஒரு வேலை. ஒரே துறையின் இரண்டு கைகள்.

வாட்டிலை வெட்டினால் முடிந்தது என்றும் இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டதும், தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகளே வளர ஆரம்பித்திருக்கின்றன, அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டுவது இன்னொரு முட்டாள்தனம். அதனால் எஞ்சியிருக்கும் புல்வெளிகளின் ஓரத்தில் புதிதாகப் பரவும் கன்றுகளை முதலில் பிடுங்குவதுதான் செலவு குறைந்த வேலை. ஆண்டுக்கு ஆண்டு, கையால். அதற்கு நடுவிழா மேடையும் கிடையாது, எண்ணிக் காட்ட மரமும் கிடையாது.