அலையும் அரூபமும்: கடற் புகைப்படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஓவியத்தில் அரூபம் புகுந்தபோது எழுந்த வினாக்களும், புகைப்படத்தில் அது புகுந்தபோது எழும் வினாக்களும் ஒரே தன்மையன அல்ல. ஓவியன் வெற்றுத் திரையிலிருந்து தொடங்குகிறான். அவன் சேர்ப்பவையே ஓவியமாகின்றன. புகைப்படக் கலைஞனோ நிறைந்து கிடக்கும் உலகின் முன் நிற்கிறான். அவன் விலக்கியவை போக எஞ்சியவையே படமாகின்றன. ஆகவே அரூபப் புகைப்படத்தை மதிப்பிட முற்படுவோர், படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு அமையாது, எது விலக்கப்பட்டது, எதன் பொருட்டு விலக்கப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும். கடல்நீரையும் அலையையும் பொருளாகக் கொண்ட படங்களில் இவ்வினா மிகுந்த கூர்மை பெறுகின்றது. கரை, கலம், மனிதர், அடிவானம் ஆகிய அனைத்தையும் நீக்கிய பின்னரும் கடல் கடலாகவே எஞ்சுகின்றதா, அன்றிக் கண்ணுக்கினிய ஒரு கோலமாக மட்டும் குறுகிவிடுகின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் கவிதையியல் நமக்கு அளித்துள்ள ஒரு கருவி இவ்விடத்துப் பெரிதும் பயன்படும். அகப்பாடலின் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்துப் புள், மரம், தொழில், மாந்தர் முதலியன கருப்பொருள்; ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பாடலுள் இவை ஒன்றினொன்று சிறந்து செல்வன என்பதும், உரிப்பொருளே அவற்றுட் தலையாயது என்பதும் அவர் கருத்து. நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல். இவ்வளவையால் நோக்கின், அரூபக் கடற் படம் செய்ய முயல்வது யாதென்பது தெளிவாகும். கருப்பொருளை முற்றாக நீக்கி, முதற்பொருளையும் இயன்றவரை மங்கச் செய்து, உரிப்பொருளை மட்டும் பார்ப்போனிடம் நேரே சேர்ப்பிக்க அது விழைகின்றது. இவ்விழைவு தவறானதன்று. உரிப்பொருள் மட்டுமே அமைந்த பாடல்கள் சங்க இலக்கியத்திலும் உள. ஆனால், உரிப்பொருளும் இல்லாதவிடத்து எஞ்சுவது என்ன என்பதே வினா.

கடற் புகைப்படத்தின் வரலாற்றில் முதலில் நோக்கற்பாலவர் பிரெஞ்சுக் கலைஞரான குஸ்தாவ் லு கிறே (1820-1884) ஆவார். 1856ஆம், 1857ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த கடற் காட்சிகள் அக்காலத்தவரை வியப்பில் ஆழ்த்தின. அன்று பயன்பட்ட ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மிகையாக உணர்ச்சி காட்டுவது. கடலின் விபரங்கள் பதியும் அளவுக்கு ஒளி விழவிட்டால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். வானத்தைக் காப்பாற்றினால் கடல் இருண்டுவிடும். செத் என்னும் மத்தியதரைக் கடற்றுறையில் அவர் எடுத்த ‘பேரலை’ என்ற படம், கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரண்டு நெகற்றிவ்களை அடிவானக் கோட்டில் இணைத்து அச்சிடப்பட்டதாகும். ஒரே வானத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களுக்கு அவர் பயன்படுத்தியதும் உண்டு.

இது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். மனிதக் கண் வானையும் கடலையும் ஒருங்கே காண வல்லது. தகடுதான் அதற்கு இயலாதது. ஆதலின் லு கிறே கருவியின் குறையைத் திருத்தினாரேயன்றி, காட்சியைத் திரித்தார் எனல் பொருந்தாது. அவர் கலந்தது பொழுதை, நிலத்தை அன்று. திணைமயக்கத்தை விலக்காத தொல்காப்பியர் நிலம் மயங்குதலை ஏற்கவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. படத்தைத் திருத்துதல் குற்றமன்று. திருத்தம் எதற்குத் துணைபோகின்றது என்பதே கேள்வி.

அடிவானத்தையே விலக்கும் துணிவு அடுத்த நூற்றாண்டில் வந்தது. அமெரிக்கரான அல்பிரட் ஸ்ரிக்லிற்ஸ் 1922 முதலாக முகில்களைப் படம்பிடிக்கத் தொடங்கினார். பின்னர் ‘ஈக்குவலன்ற்ஸ்’ எனப் பெயர்பெற்ற இவ்வரிசைப் படங்கள் பலவற்றில் நிலமும் இல்லை, அடிவானமும் இல்லை. அவை தமது அகவுணர்வுக்கு நிகரானவை என்பதே அவர் கொள்கை. மேலது எது கீழது எது என்று துணியவியலாத இப்படங்கள், பொருளைச் சுட்டாமலே உணர்வைச் சுட்டப் புகைப்படத்தால் இயலும் என்பதை நிறுவின. அலைகளை அரூபமாக எடுப்போர் அனைவரும் ஒருவகையில் இம்முகில்களுக்குக் கடன்பட்டவர்களே.

எனினும் நீர் முகிலன்று. அதன் இயக்கம் விரைவானது; ஆகவே படத்தின் பொருளை ஷட்டரின் வேகமே பெரிதும் தீர்மானிக்கின்றது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில் எடுத்தால் தெறிக்கும் துளிகள் கண்ணாடிச் சில்லுகள் போல் உறைந்து நிற்கும். ஒரு செக்கன் அளவு திறந்திருந்தால் அலை கோடுகளாக நீளும். பல நிமிடங்கள் திறந்திருந்தால் கடல் பனிமூட்டம் போலாகிவிடும். இவற்றுள் எதுவும் கண் கண்ட கடலன்று. அடுத்து, அடிவானத்தையும் கரையையும் வெட்டி நீக்கியதும் அளவுகோல் மறைந்துவிடுகின்றது. உள்ளங்கையளவு நீர்ச்சுழிப்பும் ஒரு கலத்தை மூழ்கடிக்கவல்ல அலையும் ஒன்றுபோலவே தோன்றும். தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது நீர்மடிப்புகள் மலைத்தொடராகவும் பட்டுத் துணியாகவும் மயக்கந்தரும். நிறத்தை நீக்கி, ஒளிநிழல் முரணை மிகுவித்தால் மயக்கம் முழுமையடையும். இன்று கணினியில் இவையனைத்தும் சில நொடிகளில் ஆகக்கூடியன. எளிமையே இங்கு ஆபத்தும் ஆகின்றது. ‘இது துணி போலிருக்கிறது’ என்று வியப்பதோடு முடிந்துவிடும் படம் ஒரு விடுகதையே. விடை தெரிந்தபின் அதனிடம் மீண்டும் செல்ல நமக்குக் காரணமில்லை.

இவ்வெளிமைக்கு எதிர்முனையில் நிற்பவர் யப்பானியரான ஹிரோஷி சுகிமோற்றோ. 1980ஆம் ஆண்டு கரிபியன் கடலில் தொடங்கிய அவரது கடற் காட்சிகள் யாவும் ஒரே அமைப்பின: மேற்பாதி வான், கீழ்ப்பாதி நீர், நடுவே அடிவானம். பெரிய தகட்டுக் கமராவில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. தொன்மை மனிதன் கண்ட காட்சியை இன்றைய மனிதனும் காணல் இயலுமா என்ற வினாவே இவற்றின் தொடக்கம் என அவர் கூறியுள்ளார். கலம், கரை, பறவை, மனிதர் ஒன்றும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு படத்தின் தலைப்பும் கடலின் பெயரையும் இடத்தையும் கூறுகின்றது. உடன் ஆண்டும் குறிக்கப்படுகின்றது. படத்தில் மங்கிய முதற்பொருள் தலைப்பில் நிலைபெறுகின்றது. ஒன்றையொன்று ஒத்த படங்களைத் தலைப்போடு சேர்த்து நோக்கும்போது, ஒவ்வொரு நீரின் ஒளியும் காற்றும் வேறென்பதைக் கண் மெல்ல உணரத் தொடங்குகின்றது. பார்வையை நிதானப்படுத்துவதே இவற்றின் பெருஞ் சாதனை எனலாம்.

ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. 1993ஆம் ஆண்டின் ‘போடன் கடல், உற்வில்’ என்ற படம் உண்மையில் சுவிற்சலாந்தின் எல்லையிலுள்ள நன்னீர் ஏரி ஒன்றைக் காட்டுவது. ஜேர்மன் மொழியில் அவ்வேரியின் பெயரில் வரும் சொல் கடலையும் ஏரியையும் குறிக்கும். ஏரியும் சமுத்திரமும் ஒரே சட்டகத்துள் ஒன்றாகிவிடின், அங்கு நிலம் மயங்கிவிட்டது. தொன்மையான தூய நீர் என்ற கருத்தின் முன் உப்பின் வேறுபாடும், அந்நீரை நம்பி வாழ்வோரின் வேறுபாடும் பொருளற்றனவாகின்றன. சுகிமோற்றோவின் அழகியலின் ஆற்றலும் வரையறையும் இப்புள்ளியிலேயே சந்திக்கின்றன.

இவ்வரையறையைக் கடக்கும் வழியொன்றை அமெரிக்கரான றொனி ஹோர்ண் காட்டுகின்றார். ‘அசைவற்ற நீர்: தேம்ஸ் நதி, உதாரணமாக’ (1999) என்ற பதினைந்து அச்சுப் படங்களில் அடிவானமோ கரையோ இல்லை, இலண்டன் நகர நதியின் மேற்பரப்பு மட்டுமே படம் முழுவதையும் நிறைக்கின்றது. ஆனால் அந்நீர்ப்பரப்பின் மீது மிகச் சிறிய எண்கள் அச்சிடப்பட்டுள்ளன. ஒவ்வோர் எண்ணுக்கும் அடிக்குறிப்பு உண்டு. நீரின் நிறத்தைப் பற்றிய எண்ணங்களோடு, அந்நதியில் மூழ்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகளும் அவற்றுள் இடம்பெறுகின்றன. குறிப்பைப் படித்தபின் மீண்டும் நீரைப் பார்க்கும்போது முன்பு கண்ட கோலம் இப்போது இல்லை. விலக்கப்பட்ட மனிதர் நீருக்கடியிலிருந்து திரும்பி வருகின்றனர். படம் அரூபமாகவே இருக்கின்றது. ஆனால் இரங்கல் அதனுட் புகுந்துவிட்டது.

மனிதர் தோன்றாத படம் மனிதருக்குப் பயன்படாது என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே உளர். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இரு கூறாக வெட்டி நோக்கும் அப்பார்வை ஹோர்ணின் படங்கள் முன் தோற்றுப்போகும். மறுபுறம், தூய வடிவமே போதும் என்போருக்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. நாம் ஒரு தீவில் வாழ்பவர்கள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் இத்தீவின் கரைகளில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. நீண்ட ஒளிபாய்ச்சலால் பனிபோல் மென்மையாக்கப்பட்ட கடலை ‘அமைதி’ என்று தலைப்பிட்டுக் காட்சிக்கு வைக்கும்போது, முல்லைத்தீவிலோ கல்முனையிலோ உறவினரை இழந்த ஒருவர் அதன்முன் நின்றால் என்ன காண்பார் என்பதைக் கலைஞன் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவன். அவர் பொருட்டு அப்படம் எடுக்கப்படலாகாது என்பதன்று நம் வாதம். அவருடைய பார்வையையும் தாங்கவல்லதாக அப்படம் அமைதல் வேண்டும் என்பதே.

ஆகவே அரூபக் கடற் படங்களை மதிப்பிடுவதற்கு நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இதுவாகும்: விலக்கப்பட்டவற்றின் அழுத்தம் எஞ்சிய நீரில் உணரப்படுகின்றதா? லு கிறேயிடம் அது வானாக நிற்கின்றது; சுகிமோற்றோவிடம் பெயராக நிற்கின்றது; ஹோர்ணிடம் அடிக்குறிப்பாக நிற்கின்றது. அவ்வழுத்தம் உள்ளவிடத்து வெட்டுதலும் இணைத்தலும் நிறம் நீக்குதலும் கலையின் நேர்மையான கருவிகளே. அஃது இல்லாதவிடத்து, எத்துணை நுட்பமாக எடுக்கப்பட்ட அலையும் சுவரை அழகுசெய்யும் துணிக்கோலமே ஆகும்.