படிவத்தில் இருந்த தலைவர்

வெளிநாட்டு உதவி பற்றிய எழுத்துகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ஊர் வழக்கம் பெண்ணை ஒடுக்கும், அரசுச் சட்டம் மீட்கும், உதவிப்பணம் அந்தச் சட்டத்தை ஊர்வரை கொண்டுசேர்க்கும். இலங்கையின் கிழக்குக் கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்தது இந்தக் கதைக்குள் அடங்கவில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மணமான ஆண் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். பழைய முக்குவர் சட்டம் நீதிமன்றங்களிலிருந்து மறைந்த பிறகும் இந்த வழக்கம் நிலைத்தது. கடல் கொண்டுபோனவற்றில் சீதன வீடுகள் ஏராளம்.

கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்றது அரசு. அங்கிருந்தவர்களுக்கு வேறிடத்தில், நன்கொடைப் பணத்தில், புதிய வீடுகள் எழுந்தன. உரிமையைப் பதிய அதிகாரிகள் தேடியது ‘குடும்பத் தலைவரை’.

தமிழ் இலக்கணத்தில் ‘தலைவர்’ இருபாலுக்கும் பொது. அகப்பாடலில் தலைவனுக்கு இணையாகத் தலைவி நிற்கிறாள். படிவத்திலோ அந்தச் சொல் கணவனை மட்டும் குறித்தது. அவன் இறந்தால் அல்லது விட்டுப்போனால்தான் அவள் ‘பெண் தலைமைக் குடும்பம்’ ஆனாள். இப்படி, மனைவி இழந்த வீட்டுக்கு ஈடான வீடு கணவன் பெயரில் வந்தது. முன்பு குடித்துவிட்டு அடிப்பவனை வெளியே போகச் சொல்ல அவளுக்கு ஒரு வாசல் இருந்தது. மகளுக்குக் கொடுக்க ஒரு கூரை இருந்தது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதைத் தொடக்கத்திலேயே எடுத்துச்சொல்லின.

இதனால் வழக்காறுகளைக் கொண்டாடிவிட முடியாது. சீதனம் பெற்றோரைக் கடனில் தள்ளும். வடக்கின் தேசவழமைப்படி மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவே கணவனின் சம்மதம் வேண்டும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. அரசுச் சட்டமும் நடுநிலையானதாக இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்தது.

பல சட்டங்கள் ஒன்றாக இயங்கும் நாட்டில் எந்தச் சட்டம் முற்போக்கானது என்று பொதுவாகத் தீர்ப்பளிப்பதில் பயனில்லை. இந்த ஊரில், இந்தச் சொத்தில், பெண்ணின் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று செங்கல் வாங்கும் முன் கேட்கவேண்டும். உறுதி மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ எழுதப்பட்டால்தான் பணம் என்று நிபந்தனை வைக்கலாம். உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளின் சட்ட உதவிப் பணிக்குப் பல ஆண்டுகளுக்கு நிதி தரலாம். படிவத்தை அச்சிடும் முன் அவர்களிடம் காட்டலாம். இதற்குப் பெரிய செலவில்லை. சுவரை எழுப்பிக் கொடுத்தவர்கள், அந்த வீட்டின் உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பதற்கும் பொறுப்பானவர்களே.