அறிவிப்பாளர் எங்கே?

ஹதீஸ் பாடத்தில் அமரும் மாணவன் நபிமொழியின் வாசகத்தோடு நின்றுவிடுவதில்லை. அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் வரிசையையும் கற்கிறான். அவ்வரிசையில் நிற்பவரை அரபியில் ராவி என்பர். தமிழில் நாம் அறிவிப்பாளர் என்கிறோம். வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுபவருக்கும் தமிழ் அதே பெயரையே சூட்டியிருக்கிறது. இப்பெயரொற்றுமை தற்செயலானதே. எனினும், பழைய கச்சேரிகளை வானொலியில் மீண்டும் கேட்கும்போதெல்லாம் அது நம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

செட்டியார்பட்டியில் நம் இளமைக் காலத்துக் காலைப் பொழுதுகளில், தெருவிலுள்ள ஏதேனும் ஒரு வீட்டு வானொலிப் பெட்டியிலிருந்து மங்கள இசை மிதந்து வரும். 1963இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி நிலையமே அந்நாளில் நமக்கு அண்மையது. மதுரை நிலையம் 1987இல்தான் தோன்றியது. கிதாபை மார்போடு அணைத்தபடி ஓதப் போகும் நாம், நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே நடப்போம். இசைக் கருவிகள் பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே நெடிய விவாதம் உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இசை கேட்டலின் ஒழுங்குகளுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். அவ்விவாதத்தில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நாம் பேச வந்தது வேறு: ஒலியைப் பாதுகாப்போர் அவ்வொலியின் வரலாற்றையும் பாதுகாக்கிறார்களா என்பதே.

அண்மையில் ஓரிரவு, ஒரு நிலையத்தின் பழம்பதிவு நிகழ்ச்சியைக் கேட்டோம். மர்ஹூம் ஷேக் சின்ன மௌலானா சாகிபின் நாதஸ்வரம். கல்யாணி ராகம் அவசரமின்றிப் படிப்படியாக ஏறி, மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நின்று இறங்கியது. தவில் தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருக்கும். ஒலி தேய்ந்து மறைந்தது. கலைஞர் பெயரும் ராகத்தின் பெயரும் சொல்லப்பட்டன. எந்த ஆண்டு, எந்த ஊர், தவில் யார் என்பவை சொல்லப்படவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

இதில் என்ன குறை என வாசகர் கேட்கலாம். குறை இதுதான். மௌலானா சாகிப் 1924இல் ஆந்திரத்துக் கரவதியில் நாதஸ்வரக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையாரிடமும் அப்பகுதி ஆசிரியரிடமும் பயின்ற பின், தஞ்சை மரபைத் தேடித் தமிழகம் வந்து நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் கற்றார், திருவரங்கத்தில் குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அடுத்த ஆண்டே மறைந்தார். ஒரு மரபிலிருந்து மற்றொரு மரபுக்கு நடந்த அந்த வாழ்க்கையே அவர் வாசிப்பின் வரலாறு. மேல் ஸ்தாயியில் நாம் கேட்ட அந்த நிதானம் கற்கும் காலத்துக் கட்டுப்பாடா, கனிந்த காலத்துத் தெளிவா, முதுமையில் மூச்சைச் சேமித்த சாதுரியமா? ஆண்டு தெரியாதவன் இதற்கு விடை கூற முடியாது. வியக்கலாம், மதிப்பிட இயலாது.

தவில்காரரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் கை பேசத் தொடங்கியதும் பதிவு வெட்டப்பட்டது, பெயரும் போயிற்று. அவருடைய பேரப்பிள்ளைகள் அவ்விரவில் வானொலியைக் கேட்டிருந்தாலும், பாட்டனாரின் வாசிப்பென்று அறிந்திருக்க மாட்டார்கள்.

காலக்குறிப்பு இருந்தால் இல்லாத ஒலியும் பொருள் தரும். பழைய இந்துஸ்தானிப் பதிவுகள் பலவற்றில் பாடகருக்குத் துணையாக சாரங்கி ஒலிக்கும், ஆர்மோனியம் இராது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆண்டறிந்து கேட்பவனுக்கு அந்த இன்மை ஒரு கொள்கையின் சுவடு. அறியாதவனோ, பாடகரின் விருப்பமெனக் கருதிவிடுவான்.

இவ்விடத்தில் நம் பழைய நூலொன்றை எண்ணுகிறோம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானி தொகுத்த கிதாபுல் அகானி, அதாவது பாடல்களின் நூல். பாட்டு யாருடையது, மெட்டமைத்தவர் யார், தாளம் எது, ஊது என்னும் நரம்புக் கருவியில் எந்த விரலின் வழிப்பட்டது, இச்செய்தியை யாரிடமிருந்து யார் கேட்டார் என்றெல்லாம் அது கூறும். ஆனால் அப்பாடல்களின் ஒலியை இன்று கேட்பார் இல்லை. அங்கே ஒலி போயிற்று, தொடர் நின்றது. இங்கே ஒலி நிற்கிறது, தொடர் அறுகிறது. எது பெரிய இழப்பென்று நாம் துணிந்து சொல்ல மாட்டோம். ஆனால் முன்னது காலத்தின் செயல். பின்னது நம் கவனக்குறைவு.

இரண்டையும் ஒருங்கே காக்க முடியாதா? முடியும். 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டுகள் கடல் கடந்து ஜெர்மனியில் அச்சாகி வரவேண்டியிருந்த காலம் அது. பாடியவர் யாரென்பது கைமாறும் வழியில் தொலைந்துவிடாதிருக்க அக்குரலே சாட்சியாயிற்று. 1961இல் எகிப்தில் ஷேக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி திருக்குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிவு செய்தபோது, அது ஹஃப்ஸ் அறிவித்த முறைப்படியான ஓதல் என்னும் குறிப்பும் உடன் நின்றது.

"இசை இன்பத்துக்குரியது, தேதியும் பெயரும் ஆராய்ச்சியாளருக்குரியவை" என்பார் உளர். நாம் உடன்படவில்லை. வாசித்தவரை அறிவது இன்பத்தைக் குறைப்பதில்லை. நன்றியை அதனோடு சேர்க்கிறது. அன்றியும், நாதஸ்வரம் கேட்டு மகிழும் ஒருவர், இதை வாசித்தவர் ஷேக் என்னும் பெயருடையவர் என்று அறியும் கணத்தில், இந்நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்த வரலாற்றில் ஒரு பக்கத்தையே படித்துவிடுகிறார். பெயர் விடுபட்டால் அப்பக்கமும் கிழிந்துபோகும்.

வானொலியாரைக் குறை மட்டும் கூறுவது நன்றிகேடாகும். காந்த நாடாக்களில் அவர்கள் காத்து வைத்திராவிடில், எத்தனையோ மேதைகளை நாம் கேட்டேயிருக்க மாட்டோம். 2016 ஜனவரி 26 முதல் சாஸ்திரிய இசைக்கெனவே 'ராகம்' என்னும் தனி அலைவரிசையும் நடத்தத் தலைப்பட்டார்கள். இனி ஒன்றே வேண்டும். ஒவ்வொரு பழம்பதிவின் முன்னும் பின்னும் ஆண்டு, இடம், பக்கவாத்தியக்காரர் அனைவரின் பெயர் ஆகியவற்றை அறிவிக்கட்டும்; வெட்டப்பட்டிருந்தால் அதையும் சொல்லட்டும். அரை நிமிடம் போதும். ஏதேனும் ஒரு செய்தி தெரியாதெனில், தெரியாது என்றே சொல்லட்டும். தொடரில் ஓரிடம் விடுபட்டிருப்பின் விடுபட்டதென்றே எழுதி வைத்தவர்கள் நம் ஹதீஸ் கலை அறிஞர்கள். அதனால் அவர்கள் மதிப்புக் குன்றவில்லை.

கடைசியாக, இதை வாசிக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் அலமாரியிலும் பழைய ஒலிநாடாக்கள் கிடக்கக்கூடும்: மவ்லிது மஜ்லிஸ், வாப்பா ஓதிய கிராஅத், உம்மும்மா பாடிய முனாஜாத்து. குரலை இனங்காணக் கூடியவர்கள் உயிரோடிருக்கையிலேயே அவர்களை அழைத்து அமர்த்தி, நாடாவை ஓடவிட்டு, யார், எங்கே, எந்த ஆண்டு என்று கேட்டு உறையின்மேல் எழுதிவையுங்கள். அக்குரலுக்கு அறிவிப்பாளர் நீங்களே.