38 மதிப்பெண்

ஜிம்மிக்கு அன்று 38 மதிப்பெண் வந்தது, எழுபதுக்கு. 35-ஐத் தாண்டினால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது என்று தாளில் போட்டிருந்தது. 13 வயதுப் பொமரேனியன். இதய வால்வு கசிந்து, நுரையீரலில் நீர் கோத்து, ஒன்றரை வருடமாக மாத்திரையால் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. கடைசி ஊசி இப்போது வேண்டாம், இன்னும் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து டாக்டரை வீட்டுக்கே வரச் சொன்னோம். அந்த இரண்டு நாளும் அவனுக்குத் தேவையில்லாதவை. என்னைக் காத்திருக்க வைத்தது அந்தத் தாள்தான். ஆனாலும் அதை நியாயமாகவே எடைபோட விரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு முந்தைய பல மாதங்கள் அது எங்களுக்கு உதவியிருக்கிறது.

அந்த அளவுகோலை உருவாக்கியவர் ஆலிஸ் வில்லலோபோஸ், விலங்குகளுக்கான புற்றுநோய் சிகிச்சையில் பேர்பெற்ற அமெரிக்க மருத்துவர். 2004-இல் அதை வெளியிட்டார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். வயதான நாய், பூனையை என்றைக்கு அனுப்பி வைப்பது என்று தவிக்கும் வீடுகளுக்கு இதையோ இதைப்போன்ற இன்னொன்றையோதான் மருத்துவர்கள் தருகிறார்கள்.

இது வருவதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அளவுகோல். “சாப்பிடுறான்ல, அப்புறம் என்ன?” அநேகமாக நம் வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் இருக்கும். சோற்றை மறுத்தால்தான் நமக்குப் பயம் வரும். ஆனால் நாய் வலியோடும் சாப்பிடும். தயிர்சாதத்தை ஒதுக்கிய நாய், கோழிச்சாறு ஊற்றிக் கையில் ஊட்டினால் நக்கிக்கொள்ளும். அதைப் பார்த்து நாம் மனதைத் தேற்றிக்கொள்வோம். அந்தத் தாள் சாப்பாட்டை ஏழில் ஒன்றாகக் குறைத்து, மற்ற ஆறையும் பார்க்க வைத்தது. அதைவிட முக்கியம், ‘அவன் இல்லாமல் எப்படி இருப்போம்’ என்பதைத் தவிர வேறெதையும் பேசாதிருந்த வீட்டில், ‘இன்றைய பொழுது அவனுக்கு எப்படிப் போயிற்று’ என்று கேட்டது.

ஏழாவது கேள்விக்காக நாள்காட்டியில் குறிக்கத் தொடங்கினோம். நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. மெல்ல மெல்லத் தளரும் உயிரோடு கூடவே இருப்பவர்களுக்குத் தளர்ச்சி தெரிவதில்லை. அவன் மாடிப்படி ஏறுவதை விட்டான், வயசாச்சு என்றோம். பால்காரர் வரும்போது கேட் வரை ஓடுவதை விட்டான். அதற்கும் அதே பதில். ஐப்பசித் தாளில் பெருக்கல் குறிகள் வட்டங்களை முந்தியிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இனி அதன் கோளாறு. அது கூட்டலில் இருக்கிறது.

மூச்சும் அடங்கிய வலிக் கேள்விக்குப் பூஜ்யம், மற்ற ஆறுக்கும் தலா ஆறு என்று போட்டுப் பாருங்கள். 36 வரும். மூச்சுக்குத் திணறும் ஒரு நாய் அந்தத் தாளின்படி தேறிவிடும். வில்லலோபோஸுக்கு இது தெரியாமல் இல்லை. வலி என்ற தலைப்பிலேயே மூச்சையும் சேர்த்து, அதுதான் முதன்மை என்று விளக்கத்தில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான கேள்விகளில் ஐந்துக்கு மேல் வர வேண்டும் என்பதும் அங்கே உண்டு. ஆனால் விளக்கத்தில் முதலில் நிற்பது கூட்டலில் ஏழில் ஒன்றாகிவிடுகிறது. கலங்கிய மனது விளக்கத்தைப் படிக்காது, அடியில் இருக்கும் மொத்தத்தைத்தான் பார்க்கும். அதிலும் நமக்கு 35 என்றாலே பாஸ்; பத்தாம் வகுப்பிலிருந்து மனதில் பதிந்த எண். இத்தனைக்கும் அந்தத் தேர்வில்கூட ஒரு பாடத்தில் தவறினால், மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி கிடையாது. அந்தக் கண்டிப்பு இந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். பசிக்குக் கிடைத்த ஏழு, மூச்சில் விழுந்த பள்ளத்தை நிரப்ப முடியாது.

மதிப்பெண் போடுவது யார் என்பது அடுத்த சிக்கல். நாள் முழுக்க உடனிருந்தவர் அம்மா. நுரையீரல் நீரை வடிக்கும் மாத்திரை சிறுநீரைக் கூட்டிவிடும். கூடத்தை ஐந்தாறு முறை துடைத்தவர் அவர். சுத்தத்துக்கு அவர் மூன்று போட்டார். டொரொண்டோவில் இருக்கும் தம்பி வீடியோ காலில் வால் ஆடுவதைப் பார்த்து மகிழ்ச்சிக்கு ஒன்பது என்றான். நான் நடுவே புகுந்து சராசரி எடுத்தேன். அது தவறு. அந்த வேறுபாட்டில்தான் செய்தி இருந்தது. வால் ஆடிய கால் மணி நேரமும் உண்மை, மிச்ச இருபத்துமூன்றே முக்கால் மணி நேரமும் உண்மை. இரண்டாவதைப் பார்த்தவருக்கு எங்கள் வீட்டில் ஓட்டு குறைவாக இருந்தது.

அலுப்பும் மதிப்பெண்ணுக்குள் நுழையும். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். முடிப்பது அவன் துன்பத்தையா, நம் அலுப்பையா? 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் தீரா வேதனையில் கிடந்த ஒரு கன்றை ஊசி போட்டு இறக்கச் செய்தார் காந்தி. புரண்டு படுக்கக்கூட முடியாத கன்று. பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அகிம்சை பேசுகிறவர் இப்படிச் செய்யலாமா என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் எழுதிய பதிலில் எனக்கு மிகவும் பயன்பட்டது கன்றையும் குரங்குகளையும் அவர் பிரித்துப் பார்த்த விதம். கன்றின் உயிரை எடுத்தது கன்றின் பொருட்டு, அதனால் அது அகிம்சை. பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்ல நேர்ந்தால் அது நம் பொருட்டு, அதனால் இம்சை. யாருடைய துன்பத்தை முடிக்கிறோம் என்ற இந்தக் கேள்வி ஏழு கேள்விகளில் இல்லை. அதை எட்டாவதாகச் சேர்த்து மதிப்பெண் போடவும் முடியாது. வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

உயிரை எடுக்க நாம் யார் என்று பெரியம்மா கேட்டார். தானாகப் போகட்டும் என்றார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். எளிதாக ஊசி போடும் வீட்டைவிடத் தயங்கும் வீடு நல்லது. ஆனால் தானாகப் போவது என்றால் உறக்கத்தில் போவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கு அந்தச் சாவு வாய்ப்பது அரிது. அது கரையில் இருந்துகொண்டே மூழ்குவதைப் போன்றது.

ஒரு நாள் தாமதிப்பதைவிட ஒரு வாரம் முந்துவது மேல் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதுண்டு. எல்லா நோய்க்கும் இதை நான் ஏற்கமாட்டேன். மூட்டு வலியில் தளர்ந்த நாய்க்கு, வலிமருந்தும் வழுக்காத பாயும் இன்னும் சில நல்ல மாதங்களைத் தரலாம். இதய நோயில் மட்டும் அந்தப் பேச்சு சரி. அங்கே பார்க்க வேண்டிய எண்ணும் வேறு. அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் சரி. தொடர்ந்து தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஊசியைப் பற்றிய பயமும் முடிவைத் தள்ளிப்போட வைக்கிறது. முதலில் மயக்க மருந்து. பிறகு அளவுக்கு மீறிய மயக்க மருந்து ரத்தக்குழாய் வழியே போகும்; நினைவு போய், மூச்சு நின்று, இதயம் நிற்கும். கண் மூடாது. அதன் பின்னும் ஓரிரு முறை மார்பு ஏறி இறங்கலாம். அது உயிர் அல்ல, தசையின் அசைவு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லும் டாக்டர் வாய்ப்பது பெரிய ஆறுதல். நம்மிடம் இதற்கு நல்ல சொல்லும் இல்லை. கருணைக்கொலை என்றால் கொலைதான் காதில் விழுகிறது. தூங்க வைப்பது என்றால் வீட்டுக் குழந்தை அன்றிரவு தூங்கப் பயப்படும். ஜிம்மி செத்துப்போகப் போகிறான், வலிக்காமல் போக டாக்டர் உதவுவார் என்று அக்கா மகளிடம் சொன்னோம். அழுதாள். பிறகு அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த 38-ஐ நான் கூட்டிக்கொண்டிருந்த இரவில், முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தான் ஜிம்மி. படுத்தால் மூச்சு முட்டியது. மூச்சுக்கு நான் இரண்டு போட்டேன். மற்ற ஆறும் சேர்ந்து 36. அம்மா தாளைப் பார்க்கவே இல்லை.

“நேத்து ராத்திரியிலிருந்து உட்கார்ந்தே இருக்கான்டா” என்றார்.

“முப்பத்தெட்டு இருக்கும்மா” என்றேன்.